உங்கள் ஆய்வை மந்தைக்குக் கொண்டு வாருங்கள்

தேனி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கும்,



உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். அதற்கு முன் சில மனக்குறைகளையும் சொல்லித்தான் ஆக வேண்டும். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தாலும் சரி, மடலைப் பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

நம் பள்ளத்தாக்கை ஆராய வராதவர்கள் இல்லை. முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி வல்லுநர் குழுக்கள் எழுதிய அறிக்கைகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கின்றன. பொட்டிபுரத்து மலையின் பாறையை இயற்பியலாளர்கள் அளந்தார்கள். மேகமலையில் புலியையும் யானையையும் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் கற்பிக்கும் ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி, உழவர்களோடு பழகி, பிரமலைக் கள்ளர்களின் வாழ்வையும் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையையும் நம் ஊர் வெள்ளாமையையும் ஒரே நூலாக எழுதினார். 'குரூக்கட் ஸ்டாக்ஸ்' என்ற அந்த ஆங்கில நூல் 2009-இல் வெளிவந்தது. உலகத்துப் பல்கலைக்கழகங்களில் அதை வைத்து விவாதிக்கிறார்கள். உங்கள் கல்லூரி நூலகத்தில் அது இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இந்த ஆய்வுகளிலெல்லாம் நம் ஊர்க்காரர் தகவல் சொன்னவராக வருகிறார். எழுதியவராக வருவது மிக அரிது. என் முதல் மனக்குறை இதுதான்.

உங்களுக்கு வழியில்லாமல் இப்படி ஆனதென்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் 1956-இலேயே ஒரு கல்லூரியைத் திறந்து வைத்துவிட்டார். போடியில் ஏல விவசாயிகள் தங்கள் சங்கத்தின் பெயரில் கல்லூரி கட்டினார்கள். தேனியில் ஓர் உறவின்முறை பெண்களுக்கென்று கல்லூரி நடத்துகிறது. பெரியகுளத்திலும் கம்பத்திலும் பெண்கள் கல்லூரிகள் இருக்கின்றன, வீரபாண்டியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இவற்றில் பலவும் இந்த மண்ணின் காசில் எழுந்தவை. ஏலக்காய் விற்ற காசு, கடை வைத்த காசு, மகமை பிரித்த காசு. வெளியூருக்குப் பிள்ளையை அனுப்ப முடியாத குடும்பங்கள் இந்தக் கல்லூரிகளை நம்பித்தான் மூன்று தலைமுறையாகப் படிக்க வைக்கின்றன. அப்படியிருக்க, இந்தக் கட்டடங்களுக்குள் நடக்கும் ஆராய்ச்சி இந்த மண்ணைத் தொடாமல் போவது எனக்கு ஆறவில்லை.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் கடைசி ஆண்டு ஆய்வறிக்கையைக் காட்டுவதற்காக வீட்டுக்கு வந்தாள். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. நல்ல அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறித்திருந்தது. அவள் ஒருநாளும் போயிராத ஒரு நகரத்தின் வங்கியில் வாடிக்கையாளர்களுக்கு மனநிறைவு எப்படி இருக்கிறது என்பது தலைப்பு. நூறு பேரிடம் கேட்டதாக அட்டவணை, வட்ட வரைபடம், பரிந்துரைகள் எல்லாம் இருந்தன. ஒருவரிடமும் அவள் கேட்கவில்லை. தட்டச்சுக் கடையில் காசு கொடுத்து வாங்கியது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'எல்லாரும் அப்படித்தான் டீச்சர்' என்றாள். அவளுடைய அம்மா இருட்டோடு எழுந்து, சோறாக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்.

ஒரு வணிகவியல் மாணவிக்கு இதைவிடப் பெரிய ஆய்வுக்களம் எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். அம்மா பழம் எடுப்பது இடுக்கியில். அதை உலர்த்துவது தோட்டத்து ஸ்டோரில். தரம் பிரிக்கும் பெண்கள் போடியின் கிட்டங்கிகளில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏலம் போடுவதும் அதே போடியில், நறுமணப் பொருள் வாரியத்தின் கணினித் திரைக்கு முன்னால். அங்கிருந்து காய் வடக்கே போகிறது, கடல் தாண்டியும் போகிறது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த மாதம் அம்மாவின் நாள்கூலி எவ்வளவு? விலை இறங்கிய பிறகு கூலியும் இறங்கியதா? ஜீப் வாடகை யார் கொடுக்கிறார்கள், அது கூலியில் பிடிக்கப்படுகிறதா? 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையால் எல்லையில் போக்குவரத்து நின்றதே, தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்தார்களே, அந்த நாட்களில் உங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது? 2020-இல் ஊரடங்கில் சோதனைச்சாவடி மூடியபோது யார் கடன் கொடுத்தார், என்ன வட்டிக்கு? மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தால் மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி வருகிறது. அந்த ஜீப்பில் போகிறவர்களின் முழுக் கணக்கை எழுதியிருக்க வேண்டியவர்கள் யார்?

அந்தப் பெண் கேட்டிருந்தால் அவளுடைய அம்மா ஒரே ராத்திரியில் இவ்வளவையும் சொல்லியிருப்பார். கேட்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவின் வேலை ஓர் ஆய்வுப்பொருள் ஆகும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. படிப்பு என்பது அந்த ஜீப்பிலிருந்து இறங்கிவிடுவதற்கான வழி என்றுதான் அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இறங்கட்டும், அதைத்தான் நானும் விரும்புகிறேன். இறங்கியவள் ஒருமுறை திரும்பி நின்று அந்த ஜீப்பைப் பற்றி எழுதிவிட்டுப் போகக் கூடாதா?

இது புதிதாக நான் கண்டுபிடித்த யோசனை கிடையாது. பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியராக இங்கிலாந்திலிருந்து வந்தவர் அவர். இந்தியக் கிராமம் எப்படி நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் கண்டுகொண்டார். மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, விடுமுறைக்குப் போகும்போது சொந்த ஊரைப் பற்றி எழுதி வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம் எவ்வளவு, கூலி என்ன, கிணறு எத்தனை, கடன் யாரிடம் என்றெல்லாம் அவர்கள் விசாரித்து எழுதியது 1918-இல் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூலாக வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. அந்த ஊர்களுக்கு 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆட்களை அனுப்பினார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ஷரும் அந்த ஊர்களில் ஒன்றான இருவேல்பட்டுக்கு மட்டும் தனியாகப் போய் எழுதினார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் அதே இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்தார்கள். விழுப்புரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நிலமும் கூலியும் சாதியும் தொண்ணூறு ஆண்டுகளில் எப்படி மாறின என்று இன்றைக்கு ஆதாரத்தோடு பேச முடிகிறது. 1916 வாக்கில் அந்த ஊர் மாணவர் ஒருவர் விசாரித்து எழுதிய சில பக்கங்களிலிருந்து அது தொடங்கியது. அவர் உங்கள் வயதுக்காரர். அவரிடம் கணினி இல்லை, கைப்பேசி இல்லை. ஊர் இருந்தது, கேட்கத் தூண்டிய ஓர் ஆசிரியர் இருந்தார்.

தமிழ்த் துறைப் பிள்ளைகளும் வரலாற்றுத் துறைப் பிள்ளைகளும் இதெல்லாம் பொருளாதாரக்காரர்கள் வேலை என்று ஒதுங்கிவிட வேண்டாம். நம் மாவட்டத்தின் பெயரை உலகத் தொல்லியல் படத்தில் ஏற்றியதே மாணவர்கள்தாம். 2006-இல் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்கள் கிடைத்தன. தமிழி என்னும் தமிழ் பிராமி எழுத்து பொறித்தவை. பேராசிரியர் கா. ராஜனின் வழிகாட்டலில் வைகைக் கரையோரம் களஆய்வு செய்துகொண்டிருந்த தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் கண்டெடுத்தார்கள். எழுத்துள்ள நடுகற்களில் இந்தியாவிலேயே மிகப் பழையவை இவை என்று அறிஞர்கள் மதிக்கிறார்கள். அவற்றில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், இறந்துபட்ட ஒருவனுக்காக நட்டது. கூடலூர்ப் பிள்ளைகளே, அந்தக் கூடல் ஊர் எது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ள உங்களைவிட உரிமையுள்ளவர்கள் யார் இருக்கிறார்கள்? உங்கள் ஊர் மேய்ச்சல் தரைகள், பழைய மாட்டு வழித்தடங்கள், தொழுவத்துக் கதைகள், கோயில் மாடு பற்றிய வழக்கங்கள் எல்லாம் இன்றைக்கும் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டியவை.

உங்கள் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் மங்கலதேவி கோட்டத்தைக் கண்ணகி கோயில் என்று 1963-இல் அடையாளம் கண்டு சொன்ன சி. கோவிந்தராசனாரும் தமிழ்ப் பேராசிரியர்தான். கண்ணகி போன வழியைத் தேடித் தாமும் நடந்து வந்தவர். சித்திரை முழுநிலவன்று மலையேறும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இனி, சொல்லவே வருத்தமாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

நியூட்ரினோ ஆய்வகம் பற்றிய வாக்குவாதம் உங்களுக்கு மறந்திருக்காது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பொட்டிபுரத்தை ஒட்டிய போடி மேற்கு மலைக்குள் சுரங்கம் குடைந்து, 50,000 டன் காந்த இரும்புக் கருவியை வைக்கப்போகிறோம் என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2022-இல் தமிழ்நாடு அரசு இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. திட்டம் சரியா தவறா என்று இந்த மடலில் நான் பேசவில்லை. பொட்டிபுரத்துச் சம்சாரி கேட்ட கேள்விகளைத்தான் நினைக்கிறேன். வெடி வைத்தால் என் கிணற்றுத் தண்ணீர் குறையுமா? பாறைத் தூள் எங்கே போகும்? மேய்ச்சலுக்கு மலையடிவாரம் திறந்திருக்குமா? இவை எளிய கேள்விகள், நியாயமான கேள்விகள். வாதாடிய இரண்டு பக்கத்தாரும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். மும்பையிலிருந்து வந்த விஞ்ஞானி ஒன்று சொன்னார், சென்னையிலிருந்து வந்த தலைவர் வேறொன்று சொன்னார். கூப்பிடு தூரத்தில் இயற்பியலும் வேதியியலும் விலங்கியலும் கற்பிக்கும் கல்லூரிகள் இருந்தன. அந்த அடிவாரத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து பத்து ஆண்டுக் கணக்கு ஒன்றை ஏதேனும் ஒரு துறை வைத்திருந்தால் பேச்சே வேறு மாதிரி நடந்திருக்கும். அந்தச் சம்சாரி தன் கேள்வியோடு உங்கள் வாசலுக்கு வந்திருப்பார். இரண்டு தரப்பையும் உட்காரவைத்துத் தமிழில் கேட்கும் அரங்கமாக உங்கள் கல்லூரி இருந்திருக்கும்.

கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இது நடந்திருக்கிறது. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் வந்தபோது எம். கே. பிரசாத் போன்ற கல்லூரித் தாவரவியல் ஆசிரியர்கள்தாம் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தோடு சேர்ந்து காடு, மின்சாரம், செலவு எல்லாவற்றையும் கணக்கிட்டு மலையாளத்தில் மக்களிடம் கொண்டுபோனார்கள். 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே கல்லூரி ஆசிரியரின் சொல்லுக்கு ஊரில் ஒரு மதிப்பு வந்தது. நம் ஆசிரியர்களுக்கு அந்த மதிப்பு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைப்பட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆசிரியர்களே, உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். நானும் வகுப்பில் நின்றவள்தான். தரமதிப்பீட்டுக் குழு வருகிறதென்றால் ஆறு மாதம் கோப்பு தைப்பதிலேயே போய்விடுகிறது. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும். அதற்காகப் பன்னாட்டுக் கருத்தரங்கு என்று பதாகை கட்டி, கட்டணம் வாங்கி, வந்த கட்டுரைகளையெல்லாம் தொகுத்துப் பன்னாட்டு நூல் எண் வாங்கி அச்சிடுகிறீர்கள். அந்தத் தொகுப்பை அச்சுப்பிழை பார்த்தவரைத் தவிர வேறு யார் படித்தார்கள்? கௌரவ விரிவுரையாளர்களின் சம்பளமும் நிலையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தனைக்கும் நடுவில் மாணவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போ என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்காத வழி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமைச் சொல்கிறேன். 1969-இல், காந்தியின் நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் அது. ஆண்டுதோறும் நீங்கள் ஒரு கிராமத்துக்குப் போகிறீர்கள். கோயிலைச் சுற்றிக் கூட்டுகிறீர்கள், கருவேலஞ்செடி வெட்டுகிறீர்கள், மரக்கன்று நடுகிறீர்கள், விழிப்புணர்வுப் பேரணி போகிறீர்கள், பள்ளிக்கூடத்தில் படுத்து எழுந்து ஏழாம் நாள் கிளம்பிவிடுகிறீர்கள். நட்ட கன்றுக்கு எட்டாம் நாள் யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஊரில் கேட்பதை நானே காதால் கேட்டிருக்கிறேன். அந்த ஏழு நாளில் காலை வேலை முடிந்ததும், ஐம்பது பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு தெரு, ஒரு மடை, ஒரு தோட்டம், ஒரு கிழவி என்று பிரிந்து போய் உட்கார்ந்து கேட்டால் ஒரு கிராமத்தின் நூல் உருவாகிவிடும்.

கேட்பதற்கா விஷயம் இல்லை? கூடலூரிலிருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல் முல்லையாற்றுத் தண்ணீரில் விளைகிறது. 1895-இல் அணை திறந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துப் பிரித்துவிடும் ஆட்களும் வழக்கங்களும் இருக்கின்றன. அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு நம் ஊர்கள் பொங்கல் வைக்கின்றன, அது நம் நன்றி. அதே தண்ணீரை மடை மடையாகக் கடைசி வயல் வரைக்கும் கொண்டு சேர்த்தவர்களின் பெயரையும் கணக்கையும் யார் எழுதுவது? 142 அடி, 152 அடி என்று நீதிமன்றத்தில் பேசுகிற எண்கள் கடைமடைக்காரருக்கு எத்தனை நாள் தண்ணீராகின்றன என்பதைப் புவியியல் மாணவர் ஒருவர் ஒரு பருவம் கூடவே இருந்து எழுதினால் அது நாடே படிக்க வேண்டிய கட்டுரையாக இருக்கும்.

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். கவாத்து அடித்ததிலிருந்து காய் வெட்டு வரைக்கும் எத்தனை முறை மருந்து அடிக்கிறார்கள், மருந்து அடிப்பவரின் உடம்புக்கு என்ன ஆகிறது, வியாபாரி பந்தலுக்குள் வந்து விலை பேசும்போது பேரம் யார் கையில் இருக்கிறது, குறியீடு வந்த பிறகு தோட்டக்காரருக்குக் கிலோவுக்கு ஏதேனும் கூடியதா என்பதை வேதியியலும் வணிகவியலும் சேர்ந்து படிக்கலாம். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது, ஒரு கடிதம் எழுதி அவர்களிடம் உதவி கேட்கலாம். தாவரவியல், விலங்கியல் பிள்ளைகளுக்குச் சட்டமே வழி விட்டிருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். உங்கள் ஊராட்சியில் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் நாட்டுக் கத்தரியும் நாட்டு மாடும் கண்மாய்க்கு வரும் பறவையும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் நீங்கள் ஏற்றுங்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பத்துத் தெருவில் நடந்தபோது நாடே நம்மைத் தொலைக்காட்சியில் பார்த்தது. மலையடிவாரத்துத் தோட்டங்களில் ஆண்டு முழுக்க யானையோடும் பன்றியோடும் ராக்காவல் இருக்கிறவர்களை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை.

மொழி படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடச் செழிப்பான இடம் அமையாது. உங்களில் பலர் தெருவில் தமிழும் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். பல தலைமுறை ஆகியும் அடுப்படியில் உயிரோடு இருக்கும் அந்தப் பேச்சைப் பதிவு செய்ய வெளியிலிருந்து ஆள் வர வேண்டுமா? மலையில் பளியர்களும் முதுவர்களும் சொல்லும் செடிப் பெயர்களை, அவர்கள் அனுமதியோடு, அவர்கள் பெயரையும் சேர்த்து எழுத வேண்டாமா?

அனுமதி என்று சொன்னதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊர் மனிதர்களை முன்பும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்தில் ரேகை வாங்கிக்கொண்டு, ராத்திரியில் சாவடியில் படுக்கவைத்துக் கேட்டிருக்கிறார்கள். குறிப்பேட்டோடு வருகிறவரைக் கண்டால் பயப்படும் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆகவே எதற்குக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள். சொல்ல மாட்டேன் என்றால் வணங்கிவிட்டு வாருங்கள். கூலி பற்றியும் கடன் பற்றியும் சொன்னவரின் பெயரை அச்சில் போடாதீர்கள், நாளைக்கு அவர் அதே கங்காணியின் ஜீப்பில் ஏற வேண்டும். உங்கள் சாதித் தெருவில் மட்டும் கேட்டுவிட்டு ஊர் என்று எழுதாதீர்கள். நீங்கள் இதுவரை கால் வைக்காத தெரு உங்கள் ஊரிலேயே இருக்கும். அங்கே போவதுதான் உங்கள் ஆய்வின் கடினமான பகுதி. அதைத் தவிர்த்துவிட்டு எழுதும் அறிக்கை எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன்.

இந்த ஆண்டு கடைசி ஆண்டு மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஆய்வறிக்கைக்குச் சொந்த ஊரையோ, கல்லூரிப் பேருந்து போகும் வழியிலுள்ள ஓர் ஊரையோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று துறைப் பிள்ளைகள் ஒரே ஊரை எடுத்தால் இன்னும் நல்லது. தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று உங்கள் துறையில் விதி இருந்தால், பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கூடவே எழுதுங்கள். ஒரு படியை அந்த ஊர் நூலகத்தில் கொடுங்கள். நூலகம் இல்லாத ஊரில் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள். பிறகு ஒரு மாலை, தோட்ட ஜீப்புகள் திரும்பிய பிறகு, மந்தையிலோ சாவடியிலோ உட்கார்ந்து, எழுதியதை ஊருக்குப் படித்துக் காட்டுங்கள். தப்பு என்று யாராவது எழுந்து சொன்னால் குறித்துக்கொண்டு திருத்துங்கள். உங்கள் வழிகாட்டியும் அந்த மாலையில் அங்கே இருக்கட்டும். வாய்மொழித் தேர்வுக்கு அதைவிடக் கடுமையான குழு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

ஆசிரியர்களிடம் கேட்பது, இப்படி ஒரு தலைப்போடு பிள்ளை வந்தால் 'இதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது' என்று திருப்பி அனுப்பாதீர்கள். கடையில் வாங்கிய அறிக்கைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட மாட்டீர்கள் என்று தெரிந்தால் அந்தக் கடைகள் ஒரே பருவத்தில் வேறு தொழிலுக்குப் போய்விடும். ஒரு துறை ஓர் ஊரை ஏற்றுக்கொண்டால், அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே ஊருக்குப் போகட்டும், அதற்கடுத்த ஆண்டும் போகட்டும். இருவேல்பட்டுக்குத் தொண்ணூறு ஆண்டு போய்க்கொண்டிருந்தார்கள், நீங்கள் பத்து ஆண்டு போங்கள்.

கல்லூரி நிர்வாகிகளிடம் கேட்பது பெரிய தொகை எதுவுமில்லை. பேருந்துச் செலவு, அச்சுச் செலவு, நூலகத்தில் 'நம் பள்ளத்தாக்கு' என்று எழுதிய ஓர் அலமாரி. அந்த அலமாரியைப் பார்க்க வரும் ஊர்க்காரரை அடையாள அட்டை கேட்காமல் வாசலில் விட வேண்டும். உங்கள் கல்லூரி மகமைக் காசில் எழுந்ததென்றால் அந்த மகமை கொடுத்தவரின் பேரன்தான் அவர்.

பொங்கல் விடுமுறையில் தொடங்குங்கள், பிள்ளைகளே. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனவர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள், தோட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் வீட்டில் இருப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேச எல்லாருக்கும் நேரம் இருக்கும். முதலில் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அப்புறம் பக்கத்து வீட்டில். எங்கே தொடங்குவது, என்ன கேட்பது என்று தடுமாற்றமாக இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள், கேள்வித்தாளைச் சேர்ந்தே எழுதுவோம். மந்தையில் படிக்கும் நாள் முடிவானதும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வெள்ளிமலையடியானாலும் வருசநாடானாலும் பேருந்து போகும் எந்த ஊருக்கும் நான் வந்து உட்கார்ந்து கேட்பேன்.

அன்புடன்,
உத்தமபாளையத்திலிருந்து
ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை